சும்மா இருக்காத கைகள்

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு ஒரு சத்தம் இருந்தது. திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். அம்மாவுக்கு அது ஒருநாளும் தொந்தரவாகப் பட்டதில்லை. அடுப்பங்கரையில் இருந்தபடியே வருவது யார் என்று சொல்லிவிடுவாள். இழுத்து இழுத்துக் கத்தினால் அப்பா. படக்கென்று கத்தி அடங்கினால் நான். கத்தாமல் முனகிக்கொண்டே இருந்தால் எதிர்வீட்டு ஆடு.

பின்பக்க வாடகை அறைக்குப் புதிதாகக் குடிவந்தவர் மறுநாள் காலையில் அந்தக் கேட்டை ஒருவழி பண்ணிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கீலைக் கழற்றி, துருவைச் சுரண்டி, கிரீஸ் வைத்து மாட்டி, ஒரு விரலால் தள்ளினால் போதும் என்று ஆக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் வாசலில் காயப்போட்டிருந்த கேழ்வரகில் பாதியை ஆடு தின்றுவிட்டது.

"எவன்டா அவன், கேட்டு வாயக் கட்னவன்?" என்று அம்மா தெருவில் நின்று கத்தினாள்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் நேராக அம்மாவிடம் வந்து நின்றார். "நான்தாங்கா. சத்தம் கேட்டுச்சு. சின்னதா ஒரு கை வெச்சேன்."

"சத்தம் கேட்டா காதப் பொத்திக்கோ. கேவுரு யாரு தருவா?"

"தந்துருதேங்கா."

சொல்லும்போதே அவர் பார்வை அம்மாவின் தலைக்கு மேலே போய், கோணலாகத் தொங்கிய பல்பு ஹோல்டரில் நின்றுவிட்டது. அம்மா கண்டுகொண்டாள்.

"இன்னா பாக்கற? அத்தத் தொட்ட, வூட்டக் காலி பண்ணு."

தொட்டார். அந்த வாரமே. அம்மா காலி பண்ணச் சொல்லவில்லை. இப்படித்தான் அவர் எங்கள் வீட்டு மனிதர் ஆனார்.

அவருக்குப் பேர் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு ஃபிட்டர் அண்ணன். அம்மாவுக்கு 'எங்க ஃபிட்டரு'. கோவில்பட்டிப் பக்கத்து ஆள். அப்போது எங்கள் பக்கம் கார் கம்பெனிகள் எல்லாம் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் வயல்களுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கம்பெனிகள் நின்றன. அதில் ஒன்று லாரிக்கு உதிரிபாகம் செய்வது. அவர் அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நான் டைம் ஆபீஸில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான்தான் என்பதால், அந்த வேலையை அம்மா கலெக்டர் உத்தியோகம் போலத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அப்பா வயலில் சேடை உழுத கையோடு கொல்லையில் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் அறை கட்டி வாடகைக்கு விட்டார். அதில் ஒன்றில்தான் அவர்.

உயரமான, ஒல்லியான மனிதர். உட்கார்ந்திருந்தாலும் விரல்கள் உட்காரா. டீக்கடை பெஞ்சில் ஆடுகிற ஆணியைத் திருகும். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தளர்ந்த நட்டைத் தேடும். பேசிக்கொண்டே என் சட்டைப் பொத்தானைப் பிடித்து, நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கழன்றது, உடைந்தது, நின்றுபோனது எதைக் கொடுத்தாலும் அவர் கையில் உயிர் பெறும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சங்கடம் என்னவென்றால், நன்றாக இருப்பதையும் அவரால் விட முடியாது.

கம்பெனியில் இதை வைத்து ஒரு வேடிக்கை உண்டு. பிரஸ் லைனில் ஏதாவது மெஷின் நின்றால் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். அவர் வருவார், கவிழ்ந்து படுப்பார், எங்கேயோ கையை விடுவார், மெஷின் ஓடும். ஓட ஆரம்பித்த அந்த நிமிஷம் சூப்பர்வைசர் அவர் தோளில் கை போட்டு, "வா அண்ணாத்தே, டீ சாப்புடலாம்" என்று தள்ளிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுவார். போகாவிட்டால் அவ்வளவுதான். "லேசா ஒரு சவுண்டு கேக்கு" என்று திரும்பத் திறந்துவிடுவார்.

ஒருமுறை சூப்பர்வைசர் லீவில் இருந்தபோது அப்படித் திறந்தும்விட்டார். லோடு ஏற்ற லாரி வந்து வாசலில் நிற்கிறது. மெஷின் பிரித்த சைக்கிள் மாதிரி தரையில் பரப்பிக் கிடக்கிறது. மேனேஜர் வந்து நின்று, "இது ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?" என்றார்.

"ஓடுச்சு சார். ஆனா சந்தோஷமா ஓடலை."

லைன் முழுக்கச் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார் என்பதால் மெமோவோடு போயிற்று. நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தப் பதிலை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மீன் தொட்டி அவர் வந்த அடுத்த தை மாதத்தில் வந்தது. கம்பெனி ஸ்கிராப்பில் கேட்டு வாங்கிய இரும்பு ஆங்கிளை வெட்டி, அவரே பற்றவைத்துச் சட்டம் செய்தார். கண்ணாடி வெட்டி, இடுக்கில் பட்டிப் பசை வைத்து ஒட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸுக்குப் போய் மீன் வாங்கிவந்தார். காற்று நிரப்பி ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவருக்குள், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை நீலக் கோடுகள்.

"ஜீப்ரா" என்றார். "கூட்டமாத்தாம் இருக்கும் தம்பி. ஒண்ணு திரும்புனா எல்லாம் திரும்பும். தனியா விட்டா மூலையில ஒதுங்கிரும், தின்னாது. எதையும் தாங்குற மீனுன்னு கடைக்காரன் சொன்னான்."

அம்மா கண்ணாடிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "ஏம்ப்பா, வாங்கறதுதான் வாங்கற, கொழம்பு வெக்கிற மாதிரி வாங்கக் கூடாதா?"

"பாப்பாவுக்குக்கா" என்றார் அவர். அதுவரை அவருக்குப் பாப்பா இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

மனைவியும் மகளும் ஊரில், மனைவியின் தாய்வீட்டில் இருந்தார்கள். ஏன் என்று அவர் சொல்லவில்லை. மே மாத லீவுக்கு வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார். "பாப்பாவுக்கு இங்க பிடிச்சுப்போச்சுன்னா, ஜூன்ல இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்னு அவ அம்மா சொல்லியிருக்கா. ஒரு டாக்டர் வீட்டுல மீனு பாத்துட்டு வரவே மாட்டேன்னுட்டாளாம். அதான்..." பேசிக்கொண்டே கையைத் தொட்டிக்குள் விட்டு, மூலையில் இருந்த கூழாங்கல்லை நடுவுக்கு நகர்த்தினார். மீன்கள் எல்லாம் ஒரே வீச்சில் எதிர்மூலைக்கு ஓடின.

அந்தத் தொட்டியை அவர் பட்டபாடு படுத்தினார். கல்லை இடம் மாற்றுவார். செடியைப் பிடுங்கி நடுவார். குமிழி பெரிதாக வருகிறது என்று மோட்டாரைப் பிரிப்பார். தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒருநாள் வெளியே வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்ற வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதைச் சரியாகச் செய்வார். ஆனால் தினமும் செய்வார். மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மறுபடி வாங்கிவந்தார். அவையும் குறைந்தன.

"இன்னா ஃபிட்டரே, நேத்து பாத்தத இன்னிக்குக் காணோம்?" என்பாள் அம்மா.

"என்னமோ சேரலைக்கா. தண்ணியா, தீனியான்னு பாக்கேன்."

கடைக்காரர் ஒருநாள் சொன்னதை அவரே வந்து என்னிடம் சொன்னார், ஏதோ புரியாத வைத்தியம் போல: "கையை உள்ள வுடாதீங்க சார், அது பாட்டுக்குப் பொழச்சிக்கும்ங்கான். எப்படித் தம்பி, பாத்துக்கிட்டே சும்மா இருக்க?"

பங்குனியில் கம்பெனிக்கு ஆர்டர் குவிந்தது. அவருக்கு ஓ.டி.க்கு மேல் ஓ.டி. வீட்டுக்கு வருவதே குளித்துவிட்டுத் தூங்கத்தான். அறைச் சாவியை அம்மாவிடம் கொடுத்து, காலையும் மாலையும் ஒரு சிட்டிகைத் தீனி போடச் சொல்லிவிட்டுப் போவார். அம்மா போடுவாள், கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவாள். அந்த மாதத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. பளபளவென்று கொழுத்து, ஒரே உடம்பு போலத் தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தன. அவருக்கு ஒரே பெருமை. "இப்பத்தாங்கா பதத்துக்கு வந்திருக்கு" என்றார். எது பதம் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் அண்ணியும் பாப்பாவும் வந்தார்கள். அண்ணி வந்த அன்றே அம்மாவை "மதினி" என்று கூப்பிட்டாள். தெற்கே புருஷனின் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்களாம். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது, "எங்க நாத்தி... அதாம்மா, என் தம்பி பொஞ்சாதி" என்று அறிமுகம் செய்தாள். நிதானமான பெண் அண்ணி. எதையும் இரண்டு முறை சொல்லமாட்டாள்.

பாப்பா ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தது. வந்ததிலிருந்து தொட்டிக்கு முன்னால்தான். கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு மீன்களோடு பேசும். "ஏய், வரிசையாப் போங்க. டீச்சர் பாத்தா அடிப்பாங்க. நீ ஏன் கடைசியில வாரே, காலையில சாப்பிடலியா?" என்று நீளமாக, தடையில்லாமல் போகும் அந்தப் பேச்சு. அம்மா வாசலில் நின்று கேட்டுச் சிரிப்பாள்.

அவர் உள்ளே வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும். "என்ன பேசுத மீனுகிட்ட?" என்று கேட்பார். பாப்பா, "ஒ... ஒ... ஒண்ணும்..." என்று திக்கும். அப்புறம் தலையை மட்டும் ஆட்டும். அவர் வெளியே வந்து வேப்பமரத்தடியில் பீடி பற்றவைப்பார்.

விஷயம் என்னவென்று அண்ணிதான் சொன்னாள். அம்மாவோடு உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டே, யாரோ வேறொருவர் கதை போலச் சொன்னாள். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம். நாலு வயதில் சிலேட்டைத் தொட்டபோதே இடது கையால்தான் தொட்டது. இவருக்கு அது பொறுக்கவில்லை. அடிக்கவில்லை, ஒரு சொல் கடிந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பல்பத்தை இந்தக் கையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைப்பார். பாப்பா மாற்றிக்கொள்ளும். மறுபடி எடுத்து வைப்பார். சாப்பிடும்போது, தலை வாரும்போது, பொம்மை பிடிக்கும்போது. எந்த நேரமும் அன்பாக, சிரித்தபடி. ஒரு வருஷம் முடிவதற்குள் கடகடவென்று பேசிய பிள்ளை திக்க ஆரம்பித்துவிட்டது.

"ரிப்பேர் ஆகலியே மதினி, பிள்ளை. ரிப்பேர் ஆகலைன்னு சொன்னா இவுகளுக்குப் புரியலை. கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். அங்க போயி இப்பத்தான் கொஞ்சம் பேசுதா."

"இப்ப இன்னா சொல்றான்?"

"தொடமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காக. பிள்ளை கையைத் தொடவே மாட்டாகளாம். அதை நம்பித்தான் வந்தேன்."

அவர் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதை நான் கண்ணால் பார்த்தவன். பாப்பா கொல்லைச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் மீன் மீனாக வரையும், இடது கையால். அவர் படியில் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் கனமாக உட்கார்ந்துகொள்வார். நான் போனால், "வாங்க தம்பி, உக்காருங்க, ஏதாச்சும் பேசுங்க" என்பார், பதற்றமாக. பேசிக்கொண்டிருக்கும்போதும் கண் அந்தச் சின்னக் கையில்தான் இருக்கும். நெற்றி வேர்த்திருக்கும்.

அண்ணிக்கு நம்பிக்கை வந்தது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க பள்ளிக்கூடத்துல நொட்டாங்கைன்னா அடிப்பாகளா?" என்று கேட்டாள். நான் ஸ்ரீபெரும்புதூரில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவரிடம் போய்க் கேட்டுவந்தேன். அதெல்லாம் பார்க்கமாட்டோம், எழுதினால் சரி என்றார். அண்ணியின் முகம் மலர்ந்தது. ஒருநாள் அம்மாவிடம், இந்த அறைக்குப் பின்னால் ஒரு சின்ன சமையல் மறைப்பு கட்டித் தர முடியுமா என்று கேட்டாளாம். அம்மா அதை அவரிடம் சொன்னபோது அவர் எங்கள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்த மே மாதம்தான் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. எனக்கு எழுத அதில் எதுவும் பாக்கி இல்லை. மறுநாள் பொழுது விடிந்தபோது பஸ் இல்லை, கடை இல்லை, கம்பெனி கேட் பூட்டியிருந்தது. சாலையில் போலீஸ் ஜீப்புகள் மட்டும் போயின. மெட்ராஸில் என்ன, காஞ்சிபுரத்தில் என்ன என்று ரேடியோவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே தலைகாட்ட யாருக்கும் தைரியம் இல்லை.

அவர் வீட்டில் அடைபட்டார். வேலையில்லாமல், அந்தக் கைகளோடு.

முதல் நாள் எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பிரித்தார். அம்மா விட்டுவிட்டாள். ஊர் இருந்த இருப்பில், யாராவது ஏதாவது செய்துகொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. குடை, அரிவாள்மனை, அப்பாவின் டார்ச் லைட், கிணற்று ராட்டினம் என்று போயிற்று. பிறகு தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். "எதாச்சும் சரியில்லாம இருக்கா?" இருந்ததையெல்லாம் செய்து முடித்தார். அப்புறம் தெருவில் எல்லாமே சரியாக இருந்தது.

அதற்கு மறுநாள் காலை பாப்பா பழைய நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது. ஜூனில் சேரப்போகிற பள்ளிக்கூடத்துக்காக அண்ணி எழுத வைத்திருந்தாள். எழுத்து கோணலாக, இடப்பக்கம் சாய்ந்து போயிற்று. பென்சிலைப் பிடித்த மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தது. நான் அங்கே பேப்பர் வந்ததா என்று கேட்கப் போயிருந்தேன். அவர் பாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கைகள் தொடைக்கு அடியில். சட்டென்று எழுந்தார். கை ஒருமுறை பாப்பாவை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அப்படியே திரும்பித் தொட்டிப் பக்கம் போனார்.

"தண்ணி லேசா மங்கின மாதிரி இருக்குல்லா?" என்றார் என்னிடம்.

இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. "நல்லாத்தானே இருக்கு, அண்ணே" என்றேன்.

"சின்னதா ஒரு கை வெச்சிருதேன்."

மீன்களை வலையால் அள்ளி வாளியில் விட்டார். தொட்டியைக் கவிழ்த்தார். கூழாங்கல்லைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசினார். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தார், குழாயை ஊதினார், மோட்டாருக்குப் புது வாஷர் வெட்டிப் போட்டார். வெயில் ஏற ஏற வேகமும் ஏறியது. கடைசியில் தண்ணீர். குடத்தில் பிடித்து வெளியே ஒருநாள் வைக்க வேண்டும் என்று எங்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் கோடைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அதுவும் தெரியும். வாசனையே அடித்தது. ஒருநாள் என்றால் ஒரு முழு நாள் அந்த அறையில் அவர் சும்மா உட்கார வேண்டும், பாப்பா எதிரே எழுதிக்கொண்டிருக்கும். குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றிவிட்டார்.

தொட்டி கோயில் கருவறை மாதிரி ஜொலித்தது. பாப்பா கைதட்டியது. மீன்களை உள்ளே விட்டதும் வழக்கம்போல ஒரே கூட்டமாகச் சேர்ந்து ஒரு சுற்று வந்தன. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு கூட்டம் கலைந்தது. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குச் சுழன்றது. அதுகள் அப்படித் தனித்தனியாகப் போய் நான் அன்றுதான் பார்த்தேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினார். அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றி மாற்றினார். ஒன்றே ஒன்று பிழைத்தது.

பாப்பா அழவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. ஏதோ கேட்க வாயைத் திறந்தது. "ஏ... ஏ... ஏ..." என்று அந்த ஓர் எழுத்திலேயே நின்று, கழுத்து நரம்பு புடைக்க முட்டிப்பார்த்துவிட்டு, விட்டுவிட்டது. அண்ணி வந்து அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாதான் அவருக்காகப் பேசப்போனாள். "மீனுதானேம்மா. வாய் இல்லாத ஜந்து. வேற வாங்கிட்டாப் போச்சு. புள்ளையத்தான் அவன் தொடலியே, நான் பாத்துக்கினுதானே கீறேன்."

"தொடலை மதினி. சத்தியத்தை மீறலை. அதாம் எனக்குப் பயமா இருக்கு." அண்ணி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை மேல வெக்காத கையைத்தான் அங்க வெச்சாக. மீனு எத்தனை நாளைக்கு வரும்?"

அம்மா கொடியில் மிச்சமிருந்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் அவர்கள் கிளம்பினார்கள். அவர் தடுக்கவில்லை. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம் வரை போனேன். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பூட்டு சரியாக மூடவில்லை. பழைய பூட்டு. அவர் அதைப் பார்த்தார், பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பூட்டை அவர் தொடாமல் வந்ததைப் பார்த்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணே, அதையாவது சரிபண்ணுங்களேன் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பாப்பா அவரைப் பார்த்தது. நிதானமாக ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்துச் சொன்னது. "ஒ... ஒத்தையா இருக்குப்பா. து... துணைக்கு வாங்கி விடுங்க."

"விடுதேம்மா."

"கை வெக்காதீங்க."

இதில் மட்டும் திக்கவில்லை.

அண்ணி ஜூனில் பாப்பாவை அங்கேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள். அவர் மாதாமாதம் பணம் அனுப்பினார். கம்பெனியில் ஓடுகிற மெஷின்கள் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். சூப்பர்வைசர் டீ சாப்பிடக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. "அண்ணாத்தே திருந்திட்டாருப்பா" என்று லைனில் பேசிக்கொண்டார்கள். நின்ற மெஷினைச் சரிசெய்வார், கையைத் துடைப்பார், போய்விடுவார். ஏதாவது சத்தம் கேட்டாலும் காதில் விழாதவர் போல நடந்துவிடுவார். எங்கள் கேட்டு மறுபடி கத்த ஆரம்பித்திருந்தது. அதையும் கடந்து போய்வந்தார். "இன்னாடா ஃபிட்டரு, கேட்டு கத்துது, கண்டுக்கவே மாட்டற?" என்று அம்மா வேண்டுமென்றே கேட்டுப் பார்ப்பாள். "இருக்கட்டுங்கா" என்பார்.

மீனுக்குத் துணை வாங்கிவிட்டார். மோட்டாரைப் போட்டார், குறைகிற தண்ணீருக்கு ஈடாக ஒரு சொம்பு ஊற்றினார். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. தீனி போடும்போதுகூட விரல் தண்ணீரில் படாமல் மேலேயிருந்து தூவுவார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவரைத் தெருமுனையில் பார்த்தேன். பாப்பா எப்படி இருக்கு என்று கேட்டேன்.

"நல்லாப் பேசுதா தம்பி. ஒரு தட்டு தடங்கல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கிட்டிருந்தா. நான் வாசலுக்கு வெளியவே நின்னு முழுசாக் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள போனேன். நிறுத்திட்டா."

பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான் படித்த படிப்பில் எங்கும் இல்லை. கூடவே நடந்தேன்.

அந்தக் கோடையில் ஒருநாள் அம்மா எங்கள் வீட்டில் செய்த கொழுக்கட்டையைக் கொடுக்க அவர் அறைக்குப் போனாள். நானும் போனேன். தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. முன்பக்கம், பின்பக்கம், எங்கும் அடர்த்தியாகப் படிந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. அதற்கு எதிரே ஸ்டூல் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"அய்ய, இன்னாப்பா இது?" அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஒரு தொட தொடச்சா மீனு தெரியப்போவுது."

"வேண்டாங்கா!" அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். பிறகு குரலை இறக்கினார். "துடைச்சா கல்லைப் பாக்கத் தோணும். கல்லைப் பாத்தா தண்ணியை மாத்தத் தோணும். எனக்குப் பாதியில நிக்காதுக்கா."

"அதுக்குன்னு? உள்ள மீனு கீதா இல்லியான்னு எப்டித் தெரியும்?"

"இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு."

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, கையை உயரத் தூக்கித் தூவினார். பச்சைக்குள் எதுவும் தெரியவில்லை. பிறகு தண்ணீரின் மேற்பரப்பு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நேரத்தில் சிலுசிலுத்தது, தூறல் விழுகிற மாதிரி. அவர் தலையைச் சாய்த்து அது அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்றார்.